நடுங்கி ஓடும் சிறிய உழவு இயந்திரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தின் நீர்வேலி, கோப்பாய், புத்தூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் பலரிடம் இருப்பவை, ஜப்பானில் பாவிக்கப்பட்டு இங்கே இறக்குமதியான சிறிய நான்கு சில்லு உழவு இயந்திரங்கள். குபோட்டா, யன்மார், இசெக்கி என்று பெயர்கள் வேறுபட்டாலும் அநேகமானவற்றுக்குள் இருப்பது தண்ணீரால் குளிரும் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின்தான். ஆதலால் அவற்றுக்கு வரும் வருத்தங்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. வெங்காய நடுகைக்கு முன்னரும் காலபோக (மாரிகால நெல்) உழவு தொடங்கும்போதும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. எஞ்சின் உதறுது எண்டு சொல்லுறம். அது எஞ்சின்தானோ, வேற ஏதுமோ எண்டு எப்பிடி அறியிறது?

கியரை நியூற்றலில் வைத்து, பின்னால் பூட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.ரி.ஓ. தண்டையும் விடுவித்து, எஞ்சினை மட்டும் ஓடவிட்டுக் காதால் கேளுங்கள். மூன்று சிலிண்டர் எஞ்சினில், பிஸ்ரன்கள் சுழற்றும் கிராங் தண்டு 240 பாகை சுழலும்போதெல்லாம் ஒரு சிலிண்டர் எரிகிறது. நான்கு சிலிண்டரில் அது 180 பாகைக்கு ஒரு தடவை. ஆகவே ஆகக் குறைந்த வேகத்தில் பொனற்றும் ஆசனமும் சற்று ஆடுவது இந்த வகைக்கு இயல்பு. வேகத்தைச் சிறிது கூட்டியதும் ஆட்டம் அடங்கினால் அதை ஒரு பழுதாகக் கொள்ள வேண்டியதில்லை.

சத்தமும் புகையும் சீராக இருக்க, உடல் மட்டும் ஆடினால், எஞ்சினைத் தாங்கும் றப்பர்களையும் காற்றாடியின் இதழ்களையும் பாருங்கள். ஒரு இதழின் நுனி உடைந்தாலே போதும். மண்ணைக் கொத்தும் ரொட்டவேற்றரைப் பூட்டினால் மட்டும் ஆடுகிறதென்றால், அதில் கழன்று விழுந்த கத்தியையோ, அதைச் சுழற்றும் தண்டின் தேய்ந்த ஜொயின்ரையோ தேட வேண்டும். சத்தமே நொண்டினால், அதாவது இரண்டு தட்டுக் கேட்டு மூன்றாவது விழாமல் போனால், கீழே உள்ளவை உங்களுக்கானவை.

2. சத்தம் நொண்டுது. முதலாவதா எதைக் கழட்ட?

எதையும் கழற்ற வேண்டாம். டீசல் தாங்கியின் மூடியிலிருந்து, நொசில்களுக்கு டீசலைத் தள்ளும் பம்ப் வரையுள்ள வழியை முதலில் கையாலும் கண்ணாலும் தடவிப் பார்க்க வேண்டும். அதன் பிறகு எயர் பில்டர், அதன் பிறகு சிலிண்டருக்கு டீசலைத் தெளிக்கும் நொசில், கடைசியாகத்தான் பம்ப். இந்த ஒழுங்கை நான் வற்புறுத்துவதற்குக் காரணம், செலவு குறைந்த பழுதுகளே அடிக்கடி வருகின்றன என்பதும், பம்பைத் தேவையின்றித் திறப்பதால் இல்லாத பழுது ஒன்று புதிதாகச் சேர்ந்துவிடுகிறது என்பதும்தான்.

புத்தூரிலிருந்து வந்த ஓர் இயந்திரத்துக்கு, வேறொரு வேலைத்தலத்தில் பம்பைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்பிச் சரிபார்த்துப் பூட்டியிருந்தார்கள். நொண்டல் அப்படியே இருந்தது. தாங்கிக்குக் கீழே நாலு விரல் நீளமான ஒரு றப்பர் ஹோஸ், கிளிப் இறுக்கிய இடத்தில் வெடித்திருந்ததே அதன் நோய்.

3. ஒரு சொட்டு டீசலும் ஒழுகேல்லை. பிறகு எப்பிடி எயர் பிடிக்கும்?

இந்தச் சந்தேகம் நியாயமானதே. தாங்கிக்கும் டீசலை இழுக்கும் சிறு பம்புக்கும் இடையிலுள்ள குழாயில், எஞ்சின் ஓடும்போது அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருக்கும். அங்கே வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே வராது. காற்றுத்தான் உள்ளே போகும். டீசல் அமுக்கப்பட முடியாத திரவம், காற்றோ அமுங்கிவிடும். ஆகவே பம்பின் தள்ளல் முழுவதும் அந்தக் குமிழை அமுக்குவதிலேயே போய்விட, நொசில் திறக்காமல் அந்தச் சிலிண்டர் அந்தத் தடவை எரியாமல் விடுகிறது.

ஹோஸைக் கழற்றாமலே இரண்டு விரலால் வளைத்துப் பாருங்கள். கோடையில் தண்ணீர் வற்றிய வயலின் தரைபோல நுண்ணிய வெடிப்புகள் வெளியே தெரிந்தால் மாற்றிவிடுவதே நல்லது. நிச்சயமாக அறிய விரும்பினால், பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு, டீசலைத் தாங்கும் கண்ணாடிபோன்ற ஹோஸ் ஒன்றைத் தற்காலிகமாகப் பூட்டி ஓடவிடுங்கள். தொடர்ந்து குமிழி ஓடினால் காற்று நுழையும் இடம் அதற்கு முன்னால் எங்கோ உள்ளது. பில்டர் கோப்பையின் றப்பர் வளையம், குழாய் முனைகளில் உள்ள செப்பு வாசர்கள், நொசில்களின் தலையில் மிகுதி டீசலைத் திருப்பிக் கொண்டுபோகும் மெல்லிய ஹோஸ்கள் ஆகியவையும் அதே கண்காணிப்புக்கு உரியவை.

4. எயர் எடுக்கிறது எப்பிடி? ஒவ்வொரு முறையும் மெக்கானிக்கைக் கூப்பிடவேணுமோ?

கூப்பிட வேண்டியதில்லை. தாங்கியில் போதிய டீசல் இருக்க, குழாய்த் திறப்பைத் திறந்து, பில்டரின் தலையிலுள்ள சிறு திருகாணியைத் தளர்த்துங்கள். நுரையும் குமிழியும் போய்த் தெளிந்த டீசல் வந்ததும் இறுக்குங்கள். பிறகு பம்பிலுள்ள திருகாணியிலும் அவ்வாறே செய்யுங்கள். எஞ்சின் பிறகும் பிடிக்காவிட்டால், நொசில்களுக்குப் போகும் உருக்குக் குழாய்களின் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, டீசல் துள்ளி வரும்வரை ஸ்ராட்டரை அடித்து இறுக்க வேண்டும். ஸ்ராட்டரை ஒரே மூச்சில் 10 செக்கனுக்கு மேல் அடிக்காமல், இடையில் அரை நிமிடமாவது ஆறவிடுங்கள்.

அந்த உருக்குக் குழாய்களுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைப்போல 100 மடங்குக்கும் மேல். ஊசித்துளையால் பீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளி மட்டும் தெரியும், உள்ளே தசை அழுகத் தொடங்கும். ஒழுக்கை விரலால் தடவித் தேடக் கூடாது, ஒரு மட்டையைப் பிடித்துப் பார்க்க வேண்டும். தோலைத் துளைத்துவிட்டதென்ற சந்தேகம் வந்தால், வலி இல்லாவிட்டாலும், அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

5. இருவது நிமிசம் நல்லா ஓடும். பிறகு மூச்சு வாங்கி நிண்டிடும். கொஞ்சம் ஆறவிட்டு அடிச்சா திரும்ப ஓடும். பம்ப் சூடாகுதெண்டு சொல்லுகினம்.

பம்பைக் குற்றஞ்சாட்டுமுன் தாங்கியின் மூடியைத் திறவுங்கள். திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, அதன்பின் எஞ்சின் சீராக ஓடினால் பழுது அந்த மூடியில்தான். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர மூடியில் ஒரு நுண்துளை இருக்கிறது. அது அடைபட்டால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் இறங்காது. எஞ்சின் நின்று ஆறும்போது காற்று மெல்லக் கசிந்து உள்ளே போவதால் மறுபடி ஓடுகிறது. செம்மண் தூசி எண்ணெயோடு சேர்ந்து இந்தத் துளையைச் சீமெந்துபோல அடைக்கிறது. ஒருமுறை மூடிக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்ததையும் கண்டேன்.

மூடி நல்லதென்றால் தாங்கியின் அடியிலுள்ள வலையையும் டீசல் பில்டரையும் பாருங்கள். பல கைநூல்கள் பில்டரை 400 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. நம்முடைய தூசிக்கும், கானில் வாங்கிவரும் டீசலுக்கும், மணித்தியாலம் எண்ணிக்கொண்டிராமல் காலபோகத்துக்கு முன்னர் ஆண்டுக்கொரு தடவை மாற்றிவிடுவதே என் வழக்கம்.

6. பில்டர்க் கோப்பைக்கு அடியில தண்ணி நிக்குது. பெற்றோல் செற்றில தண்ணி கலந்து தந்திட்டாங்களோ?

அப்படியும் நடக்கலாம், ஆனால் தண்ணீர் பெரும்பாலும் நம்முடைய முற்றத்திலேயே சேர்கிறது. அரைவாசி வெறுமையான தாங்கி பகலில் சூடாகி இரவில் குளிரும்போது, ஈரக்காற்று அதன் உட்சுவரில் வியர்த்து அடியில் இறங்குகிறது. கடல் சூழ்ந்த நம் ஊரில் இது விரைவாக நடக்கும். வேலை முடிந்த மாலையிலேயே தாங்கியை நிரப்பிவிட்டால் இது குறையும்.

2022 இன் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று சேர்த்த டீசலைப் பிளாஸ்ரிக் கான்களில் மாதக்கணக்காக வைத்துப் பழகியவர்கள் அந்தப் பழக்கத்தை இன்னும் விடவில்லை. கானின் அடியிலுள்ள கடைசி இரண்டு விரல் டீசலைத் தாங்கிக்குள் ஊற்றாதீர்கள். தண்ணீரும், டீசலுக்கும் தண்ணீருக்கும் இடையில் வளரும் வழுவழுப்பான கறுத்த அழுக்கும் அங்கேதான் இருக்கும். தண்ணீர் நொசிலின் நுனிவரை போனால் சூட்டில் ஆவியாகி வெடித்து அந்த நுனியையே சிதைத்துவிடும்.

7. மண்ணெண்ணெய் கலந்தா என்ன? சண்டைக் காலத்தில எல்லா வாகனமும் அதிலதானே ஓடினது?

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்துத் தெருக்களில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடியது உண்மை. அந்தப் புகையின் மணம் இன்னும் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் அவை காபரேற்றர் பூட்டிய பெற்றோல் எஞ்சின்கள். அங்கே எரிபொருள் காற்றோடு கலந்து எரிவதோடு அதன் வேலை முடிந்தது.

டீசல் எஞ்சினின் பம்பில் எரிபொருளுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. பம்புக்குள் மேலும் கீழும் ஓடும் உருக்குத் தண்டுக்கும் அதன் குழலுக்கும் இடையிலுள்ள வெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்குதான். அந்த வெளிக்கு மசகு போடுவது டீசல் ஒன்றே. மண்ணெண்ணெய் மெல்லியது, வழுவழுப்புக் குறைந்தது. தண்டு தேயும், தேய்ந்தபின் டீசல் பக்கவாட்டால் நழுவி, நொசிலுக்குப் போதிய அழுத்தம் சேராது. காலையில் நன்றாகப் பிடித்து, சூடானபின் நிறுத்தினால் திரும்பப் பிடிக்க மறுக்கும் எஞ்சின் பலவற்றில் இந்தத் தேய்மானத்தைக் கண்டிருக்கிறேன். இலாபம் பார்த்த மண்ணெண்ணெயின் விலை பம்பின் விலைக்கு எந்த மூலைக்கும் காணாது.

8. மூண்டு சிலிண்டரில எது எரியேல்லை எண்டு எப்பிடிப் பிடிக்கிறது?

எஞ்சினை ஆறுதலான வேகத்தில் ஓடவிட்டு, கண்ணாடியும் தடித்த கையுறையும் அணிந்து, நொசிலின் தலையிலுள்ள குழாய் நட்டின்மேல் ஒரு துணியைப் போட்டு, ஸ்பனரால் கால் சுற்று மெல்லத் தளர்த்துங்கள். பல குபோட்டாக்களில் அது 17 மி.மீ. நட்டு. நல்ல சிலிண்டராயின் தளர்த்திய கணமே சத்தம் தாழ்ந்து ஆட்டம் கூடும். தளர்த்தியும் ஒரு மாற்றமும் தெரியாவிட்டால் அந்தச் சிலிண்டர் முன்னரே வேலை செய்யவில்லை என்று பொருள். இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லா நொசில்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் கொமன் ரெயில் முறையுள்ள புதிய எஞ்சின்களில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. அங்கே அழுத்தம் இதைப்போலப் பல மடங்கு.

குற்றவாளிச் சிலிண்டர் தெரிந்ததும் அதன் நொசிலைப் பக்கத்துச் சிலிண்டரின் நொசிலோடு மாற்றிப் பூட்டுங்கள். நொண்டல் நொசிலோடு கூடவே இடம் மாறினால் பழுது நொசிலில். பழைய இடத்திலேயே நின்றால் பம்பிலோ, வால்விலோ, சிலிண்டரின் அமுக்கத்திலோ (கொம்பிறஷன்). இவ்வளவுக்கும் ஆகும் செலவு செப்பு வாசர்களின் விலை மட்டும்.

9. நொசிலைக் கழட்டிக் கம்பிப் பிறஷ்ஷால தேய்ச்சுப் போட்டா சரிவருமோ?

உருக்குக் கம்பிப் பிறஷ், உப்புத்தாள் இரண்டும் நொசிலின் நுனிக்கு எமன். கரியை டீசலில் ஊறவிட்டுப் பித்தளைப் பிறஷ்ஷாலோ மரக்குச்சியாலோ எடுக்கலாம். ஆனால் நொசில் நல்லதா கெட்டதா என்பதைச் சோதனைப் பம்பில் பூட்டிப் பார்த்தால்தான் சொல்ல முடியும். சிறிய குபோட்டா எஞ்சின்கள் பலவற்றில் நொசில் ஏறக்குறைய சதுர சென்ரிமீற்றருக்கு 140 கிலோ அழுத்தத்தில் திறக்க வேண்டும். திறக்கும்போது டீசல் புகைபோலச் சிதற வேண்டும், மூடியபின் நுனி உலர்ந்திருக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் அந்தச் சிலிண்டர் தட்டும், கறுத்துப் புகைக்கும்.

பூட்டும்போது அடியில் பழைய வாசர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விளக்குப் பிடித்துப் பாருங்கள். பழையதன்மேல் புதியதை வைத்து இறுக்கினால் நொசில் உரிய இடத்திலிருந்து எழும்பி நிற்கும்.

10. புகையின்ர நிறத்தை வச்சுப் பழுதைச் சொல்லலாமோ?

ஓரளவுக்குச் சொல்லலாம். கண்ணை எரிக்கும் டீசல் மணத்தோடு வரும் வெள்ளைப் புகை எரியாத டீசல். கறுப்புப் புகை காற்றுக்கு மிஞ்சிய டீசல். நீலம் எரியும் ஒயில். மணமற்ற வெள்ளை நீராவி, எஞ்சின் சூடானபின்னும் நிற்காமல் வந்தால், 15ஆம் கேள்விக்குப் போங்கள்.

11. எங்கட ஊரில குளிர் எங்கை இருக்கு? குளோ பிளக் செத்தா என்ன?

மார்கழி விடியலில்கூட நமக்கு மூடுபனிக் குளிர் இல்லை என்பது சரி. ஆயினும் இந்தச் சிறிய எஞ்சின்கள் பலவற்றில் டீசல் நேரே சிலிண்டருக்குள் போகாமல், தலையிலுள்ள ஒரு சிறு அறைக்குள் தெளிக்கப்படுகிறது. குளிர்ந்த எஞ்சினில் அந்த அறையின் சுவர் சூட்டை உறிஞ்சிவிடுவதால், நம் ஊர் வெப்பத்திலும், மின்சாரத்தால் அந்த அறையைச் சூடாக்கும் குளோ பிளக்கின் உதவி தேவைப்படும். மூன்றில் ஒன்று செத்திருந்தால் முதல் ஓரிரு நிமிடம் இரண்டு சிலிண்டரில் நொண்டி, வெள்ளையாகப் புகைத்து, பிறகு ஒன்றும் நடவாததுபோல ஓடும். மீற்றரை வைத்து அளந்தால் நல்ல பிளக் ஓரிரண்டு ஓமுக்குள் காட்டும். செத்ததில் தொடர்பே இராது.

குளோ பிளக் உள்ள எஞ்சினுக்கு எளிதில் தீப்பற்றும் ஈதர் ஸ்பிறே அடிப்பதை நான் கண்ட இடத்திலெல்லாம் தடுத்திருக்கிறேன். சிவந்த பிளக்கில் பட்டு அது நேரம் தவறி வெடித்தால் பிஸ்ரன் வளையம் உடையும்.

12. செம்மண் தூசிக்கு எயர் பில்டரை எப்பிடித் துப்பரவாக்கிறது?

காய்ந்த செம்மண்ணில் ரொட்டவேற்றர் அடித்தால் மாலையில் வேட்டி மட்டுமல்ல, பில்டரும் சிவந்துபோகும். தூசிக் கிண்ணத்தை அன்றன்றே தட்டுங்கள். தாள் பில்டருக்கு உள்ளிருந்து வெளிப்பக்கமாக, 30 பி.எஸ்.ஐ.க்கு மேற்படாத காற்றை அடிக்கலாம். ரயருக்கு அடிக்கும் வேகத்தில் அடித்தால் தாள் துளைபடும், அந்தத் துளையால் போகும் மண் சிலிண்டரை அரம்போல அராவும். பெற்றோலில் கழுவுவது கூடவே கூடாது. பில்டரைக் கழற்றி ஒரு நிமிடம் ஓடவிட்டுக் கறுப்புப் புகை நின்றால் விடை கிடைத்துவிட்டது. கழற்றியபடியே உழப் போகாதீர்கள்.

13. ரேஸ் தானாக் கூடுது, தானாக் குறையுது. ஆரோ மிதிச்சு விடுறமாதிரி.

முக்கால்வாசி இது மறுபடியும் 3ஆம், 5ஆம் கேள்விகளின் சங்கதிதான்: டீசல் குறையும்போது வேகம் விழுகிறது, வேகத்தைச் சீராக வைக்கும் கவர்ணர் அதைத் தூக்கப் பார்க்கிறது, அதற்குள் டீசல் வந்துவிட வேகம் எகிறுகிறது. அவை சரியாக இருந்தும் நிற்காவிட்டால், கவர்ணரின் இணைப்புகள் தேய்ந்திருக்கலாம், அல்லது பம்புக்குள் டீசல் அளவை மாற்றும் பல்லுத்தண்டு பசைபிடித்து இறுகியிருக்கலாம். நீண்டகாலம் நிறுத்திவைத்த இயந்திரங்களில் இரண்டாவதைக் கண்டிருக்கிறேன். முத்திரையிட்ட திருகாணிகளை மட்டும் திருப்பிப் பார்க்காதீர்கள்.

14. பம்பைக் கழட்டிப் பூட்டினாப் பிறகு முந்தியவிட மோசமாத் தட்டுது.

பம்பின் அடியில் இருந்த மெல்லிய தகடுகள் எத்தனை, இப்போது எத்தனை என்று பூட்டியவரிடம் கேளுங்கள். சிறிய குபோட்டா எஞ்சின்களில் டீசல் தெளிக்கும் நேரத்தை அந்தத் தகடுகளின் தடிப்பே தீர்மானிக்கிறது, 0.05 மி.மீ. கூடினாலோ குறைந்தாலோ நேரம் ஏறக்குறைய அரைப் பாகை மாறும். ஒரு தகடு பழைய பம்பின் அடியில் ஒயிலோடு ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போய்விட்டால் தெளிப்பு முந்தும், எஞ்சின் சுத்தியலால் அடிப்பதுபோலத் தட்டும். தகடு கூடினால் தெளிப்புப் பிந்தி, வெள்ளையாகப் புகைத்து, இழுவை குறையும்.

15. ரேடியேற்றரில தண்ணி குறையுது, மூடியைத் திறந்தாக் குமிழி வருது. அதுக்கும் உதறலுக்கும் என்ன தொடர்பு?

எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள ஹெட் கஸ்கற் போனால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் போகும், தண்ணீர் சிலிண்டருக்குள் வரும். காலையில் ஒரு சிலிண்டர் நனைந்தபடி நொண்டித் தொடங்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து, பிறகு ஓடவிட்டுப் பாருங்கள்: ஓடத் தொடங்கியதுமே விடாமல் குமிழி வந்தால் சந்தேகம் பெரிதும் உறுதியாகிறது. ஒயில் பால் விட்ட கோப்பிபோல நிறம் மாறியிருந்தால் இனி ஓடவே விடாதீர்கள்.

இது நம் ஊரில் அடிக்கடி வர ஒரு காரணம் கிணற்றுத் தண்ணீர். சுண்ணக்கல்லுக்குள்ளால் ஊறிவரும் அந்தத் தண்ணீர் கேத்தலின் அடியில் வெள்ளைப் படை பூசுவதைத் தினமும் பார்க்கிறோம். அதே படை ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் சிலிண்டரைச் சுற்றியும் படிந்து சூட்டை வெளியேறவிடாது. பற்றரிக்கு விடும் தண்ணீரோடு கூலன்ற் கலந்து விடுங்கள்.

16. எல்லாம் பார்த்தாச்சு. இன்னும் ஒரு சிலிண்டர் எரியேல்லை. எஞ்சின் செய்யவேணுமோ?

அதற்கு முன் வால்வு இடைவெளியை அளந்து பாருங்கள். குபோட்டாவின் டி905, டி1005, டி1105 எஞ்சின்களில், குளிர்ந்த நிலையில், அது 0.145 முதல் 0.185 மி.மீ. வரை இருக்க வேண்டும். இடைவெளி முற்றாக இல்லாமற்போனால் வால்வு சரியாக மூடாமல் அமுக்கம் நழுவும்; அரைமணி வேலையில் அது தீர்ந்துவிடும்.

பிறகுதான் கொம்பிறஷன் மீற்றர். அதே எஞ்சின்களில் புதிதில் சதுர சென்ரிமீற்றருக்கு 29 முதல் 33 கிலோ. 23க்குக் கீழே போனால் எஞ்சின் திறக்கும் காலம் வந்துவிட்டது. சிலிண்டர்களுக்கிடையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கவும் கூடாது. குறைந்த சிலிண்டருக்குள் சிறிது ஒயில் விட்டு மறுபடி அளந்தால், ஏறினால் வளையம், ஏறாவிட்டால் வால்வு அல்லது கஸ்கற்.

17. ஒயில் குறையேல்லை, கூடுது! இது நல்லதுதானே?

கேட்டவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பியை இழுத்து மணந்து பாருங்கள், டீசல் மணக்கும். டீசல் இழுக்கும் பம்பின் கிழிந்த தோலாலோ, தேய்ந்த பம்பாலோ (7ஆம் கேள்வி) டீசல் ஒயிலுக்குள் இறங்குகிறது. மெலிந்த ஒயிலால் எஞ்சினின் பெயாரிங்குகள் தேயும். அதைவிடப் பெரிய ஆபத்து, மட்டம் மிக உயர்ந்தால் எஞ்சின் அந்த ஒயிலையே காற்று வழியால் உறிஞ்சி எரிக்கத் தொடங்கிவிடும். அப்போது சாவியை அணைத்தாலும் நிற்காது, டீசலை மறித்தாலும் நிற்காது. வேகம் ஏறிக்கொண்டே போகும்.

அந்த நிலை வந்தால் காற்று நுழையும் வாயை ஒரு பலகையால் இறுக அடைக்க வேண்டும். கையால் அடைக்கக் கூடாது, காற்றாடிக்கு நேரேயும் நிற்கக் கூடாது. அடைக்க முடியாவிட்டால் விலகிப் போய்விடுங்கள். மட்டம் கூடியிருப்பதை முன்னரே கண்டவர்கள் ஒயிலை வடித்து, ஒழுக்கைத் திருத்திப் புது ஒயிலும் பில்டரும் போட்ட பிறகே சாவியைத் தொட வேண்டும்.